உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் நலப் பேணல்: ஆசிரியர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

மாணவர் நலப் பேணல் என்பது, பள்ளியில் பயிலும் ஒவ்வொரு மாணவரின் உடல்நலம், மனநலம், பாதுகாப்பு, குடும்பச் சூழல் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்து, தேவை எழும்போது உரிய உதவியுடன் அவரை இணைக்கும் ஏற்பாடாகும். ஒரு மாணவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திய பிறகோ, தேர்வில் தோல்வியுற்ற பிறகோ எடுக்கப்படும் நடவடிக்கை இதன் இறுதிக் கட்டமே. நலப் பேணலின் பெரும்பகுதி அதற்கு முன்பே, அன்றாட வகுப்பறையில் நடைபெறுகிறது.

தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களின் பெற்றோருக்கும் இப்பக்கம் உதவும். மாணவரிடம் தோன்றும் மாற்றங்களை எவ்வாறு அறிவது, எவ்வாறு பேசுவது, யாரிடம் அனுப்புவது, சட்டம் விதிக்கும் கடமைகள் யாவை என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

இப்பருவம் ஏன் முக்கியமானது?

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இவ்வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு உள்ளதாக அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வாழ்நாளில் ஏற்படும் மனநலப் பாதிப்புகளில் ஏறத்தாழ பாதி, 14 வயதுக்குள்ளாகவே தொடங்குகின்றன. அவற்றுள் பல உரிய காலத்தில் கண்டறியப்படுவதில்லை.

இப்பருவத்தில் உடல் வளர்ச்சியும், பாலின வேறுபாடு குறித்த உணர்வும், நண்பர்களின் செல்வாக்கும், எதிர்காலம் குறித்த அச்சமும் ஒருங்கே வருகின்றன. பொதுத் தேர்வுகளும் இதே ஆண்டுகளில்தாம் அமைகின்றன. மாணவர் தம் துன்பத்தைப் பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதும் இவ்வயதின் இயல்பே. நாள்தோறும் பல மணிநேரம் அவரைக் காணும் வகுப்பாசிரியர், மாற்றத்தை முதலில் அறியும் நிலையில் இருக்கிறார்.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

ஒரு நாள் சோர்வோ, ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண்ணோ கவலைக்குரியதன்று. மாணவரின் வழக்கமான இயல்பிலிருந்து ஏற்படும் மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கவனம் தேவை. அவற்றுள் முக்கியமானவை:

• அடிக்கடி விடுப்பு எடுத்தல். குறிப்பாக ஒரே கிழமையில் அல்லது ஒரே பாடவேளையில் இல்லாதிருத்தல்
• நண்பர்களிடமிருந்து விலகித் தனித்திருத்தல்
• காரணமின்றி எரிச்சல், அழுகை, சண்டை
• வகுப்பில் உறங்குதல், உணவைத் தவிர்த்தல், உடல் மெலிதல்
• மருத்துவக் காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி
• கையெழுத்து, வீட்டுப்பாடம், சீருடை ஆகியவற்றில் திடீர் அக்கறையின்மை
• கைகளில் காயங்கள். வெயில் காலத்திலும் கைகளை மூடியே வைத்திருத்தல்
• ஒரு குறிப்பிட்ட நபரையோ இடத்தையோ கண்டு அஞ்சுதல்

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

அறிகுறியைக் கண்டவுடன் காரணத்தை முடிவு செய்தல் கூடாது. எடுத்துக்காட்டாக, பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் முதல் பாடவேளையில் தொடர்ந்து உறங்குகிறார் எனக் கொள்வோம். அவர் இரவு முழுவதும் கைப்பேசியில் விளையாடியிருக்கலாம். விடியற்காலையில் பால் அல்லது செய்தித்தாள் போடும் வேலைக்குச் சென்று வந்திருக்கலாம். இரத்தசோகையால் சோர்ந்திருக்கலாம். தந்தையின் குடிப்பழக்கத்தால் வீட்டில் உறக்கமின்றி இருந்திருக்கலாம். மனச்சோர்வினால் இரவில் உறக்கம் வராதிருக்கலாம். இந்த ஐந்து காரணங்களுக்கும் வேண்டிய உதவிகள் ஐந்தும் வெவ்வேறானவை. வகுப்பில் நிற்க வைப்பது இவற்றுள் எதனையும் தீர்க்காது.

இவ்வாறே, மாதந்தோறும் இரண்டு மூன்று நாள்கள் விடுப்பு எடுக்கும் மாணவிக்கு மாதவிடாய் வலி கடுமையாக இருக்கலாம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரோ, தாழ்ப்பாளோ இல்லாததும் காரணமாகலாம். முதலாவதற்கு மருத்துவரும், இரண்டாவதற்குத் தலைமையாசிரியரும் தீர்வு காண வேண்டும். கரும்பலகையில் உள்ளதைத் தவறாக எழுதும் மாணவருக்குத் தேவைப்படுவது ஒரு மூக்குக்கண்ணாடியாக இருக்கலாம்.

வகுப்பாசிரியரின் நான்கு பணிகள்

நலப் பேணலில் வகுப்பாசிரியர் மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ ஆக வேண்டியதில்லை. அவரது பணி நான்கு நிலைகளைக் கொண்டது.

1. கவனித்தல்: வருகைப் பதிவேடு ஒரு நலப் பதிவேடும் ஆகும். வாரம் ஒருமுறை அதனைப் பார்த்து, யார் எந்த நாள்களில் வரவில்லை என்பதை ஒப்பிடுதல் வேண்டும். ஆரவாரம் செய்யும் மாணவர் எளிதில் கவனம் பெறுவார். அமைதியாக இருப்பவர் விடுபட்டுப் போவார். மாதம் ஒருமுறை வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்து, எந்த மாணவரிடம் நாம் பேசவேயில்லை என எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

2. கேட்டல்: மாணவரிடம் தனியாக, ஆனால் பிறர் பார்வைக்கு எட்டும் இடத்தில் பேச வேண்டும். மரத்தடி, திறந்த கதவுள்ள அறை, நூலக மூலை ஆகியவை ஏற்றவை.

3. குறித்தல்: நாள், கண்ட மாற்றம், மாணவர் சொன்ன சொற்கள், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறித்து வைத்தல் வேண்டும். தம் ஊகங்களை எழுதுதல் கூடாது. இக்குறிப்பைத் தலைமையாசிரியரின் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும்.

4. இணைத்தல்: உரிய நபரிடமோ சேவையிடமோ மாணவரை ஒப்படைத்து, அவர் அங்கு சென்றாரா என்பதை ஒரு வாரத்திற்குள் உறுதி செய்தல் வேண்டும். அனுப்பியதோடு பணி முடிவதில்லை.

மாணவரிடம் பேசும் முறை

“உனக்கு என்ன குறை? ஏன் இப்படி இருக்கிறாய்?” எனத் தொடங்கும் கேள்வி, மாணவரைக் குற்றவாளியாக்குகிறது. “இரண்டு வாரமாக நீ சாப்பிடாமல் இருப்பதைப் பார்க்கிறேன், உன்னைப் பற்றி எனக்கு அக்கறை இருக்கிறது, சொல்ல விருப்பம் இருந்தால் கேட்கிறேன்” என்பது, கண்டதைக் கண்டவாறு கூறி, முடிவை மாணவரிடம் விடுகிறது.

செய்ய வேண்டியவை:
• இடைமறிக்காமல் கேட்டல். அமைதியாக இருக்கும் நேரத்தையும் பொறுத்தல்
• “நீ இதைச் சொன்னது நல்லது” எனத் தெரிவித்தல்
• அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை மாணவருக்கு விளக்குதல்

தவிர்க்க வேண்டியவை:
• “இதெல்லாம் ஒரு பிரச்சினையா?”, “உன் வயதில் நாங்கள் படாத பாடா?” போன்ற சொற்கள்
• பிற மாணவருடன் ஒப்பிடுதல்
• மாணவர் கூறியதை ஆசிரியர் அறையில் பொதுவாகப் பேசுதல்
• “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என உறுதி அளித்தல்

இறுதியாகக் கூறப்பட்டது மிக முக்கியமானது. மாணவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருப்பின் அதனை மறைத்து வைக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. ஆகவே உரையாடலின் தொடக்கத்திலேயே, “நீ சொல்வதைத் தேவையின்றி எவரிடமும் சொல்ல மாட்டேன், உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்” எனக் கூறுவது நேர்மையானது. காக்க இயலாத வாக்குறுதி ஒருமுறை முறிந்தால், அம்மாணவர் மீண்டும் எவரிடமும் மனம் திறக்கமாட்டார்.

பள்ளியில் கிடைக்கும் உடல்நலச் சேவைகள்

ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் (2013): பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கான பரிசோதனைத் திட்டம். நடமாடும் மருத்துவக் குழுவினர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்து, பார்வை, செவித்திறன், பல், தோல், இதயம் முதலியவற்றைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கின்றனர். பரிந்துரைச் சீட்டு பெற்ற மாணவரின் பெயரை வகுப்பாசிரியர் குறித்துக்கொண்டு, சிகிச்சை பெற்றாரா என வினவுதல் வேண்டும்.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம்: 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, வாரம் ஒன்று வழங்கப்படுகிறது. இதனை உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும். மலம் கருநிறமாவது இயல்பு, அச்சம் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் வழங்கப்படுகிறது.

ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்திய கார்யக்ரம் (2014): ஊட்டச்சத்து, இனப்பெருக்க நலம், மனநலம், வன்முறையும் காயங்களும், போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் ஆகிய ஆறு துறைகளில் வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை வழங்கும் திட்டம்.

பள்ளி நலவாழ்வுத் திட்டம் (2020): ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் ஓர் அங்கம். ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஆண் ஒருவரும் பெண் ஒருவரும், நலவாழ்வுத் தூதுவர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். தம் பள்ளியில் அவ்விருவர் யார் என்பதை மாணவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

தற்கொலை எண்ணம்: உடனடி நடவடிக்கை

“நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது”, “இனி எதற்கும் பயனில்லை” போன்ற சொற்கள், தம் விருப்பப் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறும் தொனியில் எழுதுதல் ஆகியன கடும் எச்சரிக்கைகள். இவற்றை நாடகம் என்றோ, கவனத்தை ஈர்க்கும் முயற்சி என்றோ ஒதுக்குதல் கூடாது.

“சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மாறாக, மறைத்து வைத்த சுமையைச் சொல்ல மாணவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. “ஆம்” என மாணவர் கூறினால்:

• அவரைத் தனியே விடக்கூடாது. பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.
• தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பெற்றோரால் ஆபத்து இருப்பதாக மாணவர் கூறினால், முதலில் 1098 எண்ணை அழைக்க வேண்டும்.
• 14416 எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசி வழிகாட்டுதல் பெற வேண்டும்.
• அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 108 எண்ணை அழைக்க வேண்டும்.
• வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் முதலியவற்றைப் பூட்டி வைக்குமாறு பெற்றோரிடம் கூற வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்றும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 கூறுகிறது. வழக்கு வரும் என அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

பாலியல் துன்புறுத்தல்: சட்டக் கடமை

18 வயது நிறைவடையாத அனைவரையும் போக்சோ சட்டம், 2012 குழந்தை எனக் கொள்கிறது. ஆண் குழந்தைகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். பாலியல் குற்றம் நடந்ததாக அறியும் எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால், ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர இயலாது.

பள்ளி தானே விசாரணை நடத்தி உண்மையை உறுதி செய்துகொண்ட பின்னரே புகார் அளிப்போம் எனக் காத்திருத்தல் தவறு. மாணவரை மீண்டும் மீண்டும் விவரிக்கச் செய்தல், குற்றம் சாட்டப்பட்டவரை எதிரில் நிறுத்திக் கேட்டல், இரு குடும்பத்தாரையும் அழைத்துச் சமாதானம் பேசுதல் ஆகியன கூடாது. குழந்தையின் வாக்குமூலம் அவரது வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அலுவலரால் பதிவு செய்யப்படும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுதல் குற்றம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள ‘மாணவர் மனசு’ பெட்டி, நேரில் பேசத் தயங்கும் மாணவர் எழுதித் தெரிவிப்பதற்கானது. பெட்டியைக் குறித்த நாளில் தவறாது திறந்தால்தான் மாணவர்கள் அதனை நம்புவர். பெட்டி வைக்கும் இடம் தலைமையாசிரியர் அறை வாயிலாக இருப்பின், அதில் கடிதம் இடுபவரை அனைவரும் காண்பர் என்பதையும் கருத வேண்டும்.

தண்டனையும் அவமதிப்பும்

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் பிரிவு 17, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சாதி, நிறம், உடல் அமைப்பு, குடும்ப வறுமை ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பேசுவதும் துன்புறுத்தலே. ஒரு மாணவரைப் பட்டப்பெயரால் சக மாணவர்கள் அழைப்பதைக் கண்டும் ஆசிரியர் சிரித்து விட்டுவிட்டால், அது ஒப்புதலாகவே கொள்ளப்படும். கேலிக்குள்ளானவரையும் கேலி செய்தவரையும் தனித்தனியே அழைத்துப் பேச வேண்டும். இருவருக்கும் உதவி தேவைப்படலாம்.

கற்றல் குறைபாடும் தேர்வும்

நன்கு பேசும் மாணவர் எழுதும்போது மட்டும் தொடர்ந்து தடுமாறினால், அவருக்குக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்டுள்ள 21 வகைகளுள் இதுவும் ஒன்று. மருத்துவச் சான்று பெற்றால், பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளைப் பெறலாம். இதற்கான விண்ணப்பத்தைத் தேர்வு நெருங்கும்போது தொடங்கினால் காலம் போதாது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குதல் நலம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் தனிக் கவனத்திற்குரியது. தேர்ச்சி பெறாதவர்களையும், எதிர்பார்த்த மதிப்பெண் பெறாதவர்களையும் வகுப்பாசிரியர் அன்றே தொலைபேசியில் அழைத்துப் பேசுவது மிகுந்த பயன் தரும். துணைத் தேர்வு அதே ஆண்டில் நடைபெறுவதால் ஓர் ஆண்டு வீணாகாது என்பதை மாணவருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். முடிவு வந்த பின் கூறப்படும் ஆறுதலைவிட, முன்னரே தெரிந்திருக்கும் மாற்று வழி உறுதியான துணையாகும்.

இடைநிற்றலும் குழந்தைத் திருமணமும்

தொடர்ந்து சில நாள்கள் வராத மாணவரின் வீட்டிற்குச் சென்று பார்ப்பது அவசியம். பெண்ணின் திருமண வயது 18, ஆணின் திருமண வயது 21 என 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வரையறுக்கிறது. திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ 1098 எண்ணிற்கோ தெரிவிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. சட்டத்தைக் கூறும்போது இவ்வாய்ப்பையும் பெற்றோருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

14 வயது நிறைவடையாதவரை வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துதலும் தடை செய்யப்பட்டுள்ளது.

பெற்றோரின் பங்கு

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார் என எண்ணும் நிலை மாற வேண்டும். மாணவரிடம் கண்ட நல்ல இயல்பு ஒன்றைத் தெரிவிக்க ஆண்டில் ஒருமுறையேனும் ஆசிரியர் பெற்றோரை அழைத்திருந்தால், பின்னர் ஓர் இடரைத் தெரிவிக்கும்போது அவர்கள் செவிகொடுப்பர். வீட்டில் மரணம், பிரிவு, கடன், இடமாற்றம் போன்றவை நிகழ்ந்தால் பெற்றோரும் வகுப்பாசிரியருக்குத் தெரிவித்தல் நலம். விடுதியில் தங்கிப் பயில்வோருக்கு விடுதிக் காப்பாளரே பெற்றோர் நிலையில் இருப்பதால், அவருடனும் தொடர்பு தேவை.

சிகிச்சை முடிந்து திரும்பும் மாணவர்

நோய், துயரம், மனநலச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் மாணவர் பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரம் கடினமானது. எங்கே போயிருந்தாய் என வகுப்பின் முன் வினவுதல் கூடாது. விடுபட்ட பாடங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அளிக்க வேண்டும். சோர்வு ஏற்பட்டால் சென்று அமர ஓர் இடமும், தேடிச் செல்ல ஓர் ஆசிரியரும் இருப்பதை முதல் நாளிலேயே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மனநல மருந்துகளை மருத்துவரின் அறிவுரையின்றி நிறுத்துதல் கூடாது என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்ட வேண்டும்.

மாணவரின் துயரைத் தொடர்ந்து கேட்கும் ஆசிரியருக்கும் மனச்சுமை உண்டாகும். அதனைத் தலைமையாசிரியருடனோ ஆலோசகருடனோ பகிர்ந்துகொள்வது குறையாகாது. 14416 சேவை ஆசிரியர்களுக்கும் உரியது.

உதவி எண்கள்

• 14416: டெலி மானஸ் மனநல ஆலோசனை, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ சேவை (24 மணிநேரம்)
• 1098: குழந்தைகள் உதவி எண் (24 மணிநேரம்)
• 14417: பள்ளிக் கல்வித் துறை உதவி மையம்
• 104: மருத்துவ ஆலோசனை
• 108: அவசர ஊர்தி
• 112: அவசர உதவி

இவ்வெண்களை மாணவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும். கழிப்பறைக் கதவின் உட்புறமும் ஏற்ற இடமே. அங்கு எவரும் பாராமல் எண்ணைக் குறித்துக்கொள்ள இயலும்.

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். ஒரு குறிப்பிட்ட மாணவரின் நோயறிதலையும் சிகிச்சையையும் தகுதி பெற்ற மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.